ஆட்டுக்கல் கடைசியில்தான் இறங்கும்

என் மகன் தேவராஜுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் உன்னையும் லில்லியையும் காப்பாராக; உன் புத்தியைக் கொஞ்சம் கூடுதலாகவே காப்பாராக. நான் சுகமாக இருக்கிறேன். நீ சுகமா என்று கேட்க இப்போது எனக்கு மனம் வரவில்லை. எழுதி முடிப்பதற்குள் கோபம் இறங்கினால் கடைசியில் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்தது. நான் ஆம்பூர் வீட்டை ஒழித்துக்கொண்டு வேலூரில் உன்னோடு வந்து இருக்கப் போவதை நினைத்துச் சந்தோஷப்பட்டு எழுதியிருந்தாய். வாசிக்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு பக்கத்தைத் திருப்பினேன். சாமான் கொண்டுவரும் வண்டிக்காரர்களுக்கு இனாம் எவ்வளவு கொடுக்க வேண்டும், முன்கூட்டியே எழுதினால் சில்லறை மாற்றி வைக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். அதோடாவது விட்டாயா? ஆஸ்பத்திரி ஆபீசில் விசாரித்தாயாம், வாடகையில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றார்களாம். போன தடவை நீ குடிபோனபோது முழுதாக இரண்டு ரூபாய் கொடுத்தும் மஸ்தான் பாய் ஒரு சலாம்கூட வைக்காமல் போனாராம், இந்த ஜனங்களுக்கு நன்றியே கிடையாதாம். இதை வாசித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். பத்தில் ஒரு பங்கு கோயில் காணிக்கைக்குச் சொன்னதடா, வண்டிக்காரன் இனாமுக்கு யாரும் சொல்லவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் கேட்டதையும் ஆபீசில் கேட்டதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறாய்.

இங்கே என் நிலைமையைக் கேள். வீட்டுக்காரருக்கு இந்த மாதம் முடிவதற்குள் வீடு வேண்டும். தோல் மண்டியில் இடம் போதவில்லை, இந்த வீட்டை இடித்துத் தோல் அடுக்கக் கிடங்கு கட்டப் போகிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன். உன் அப்பா அவர் மண்டியில் கணக்கு எழுதினார் என்பதற்காக இத்தனை வருஷம் வாடகையை ஏற்றாமலே விட்டுவைத்தவர். பள்ளிக்கூட வேலையும் முடிந்துவிட்டது. முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டேன், அலமாரியைக் காலி செய்துவிட்டேன், கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாய்த்துவிட்டேன். தரையில் பாய் போட்டுப் படுக்கிறேன். எல்லாம் தயார், வண்டி மட்டும் இல்லை. ஆம்பூரில் இருக்கிற வண்டியெல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறாய்? எங்கேயும் போகவில்லை. மண்டித் தெருவில் வரிசையாக நுகம் இறக்கி நிற்கின்றன. நான் போய்க் கேட்டால்தான் எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் கால்வலி வந்துவிடுகிறது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒருவர் அச்சு முறிந்திருக்கிறது என்றார். இன்னொருவர் ஆலங்காயத்துக்குத் தோல் பதனிடுகிற பட்டை ஏற்றப் போவதாகச் சொன்னார். பேசி முடித்துத் திரும்பும்போது அவரே டீக்கடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரயிலில் வரலாமே என்று நீ எழுதுவாய். நான் வரலாம். அலமாரியையும் ஆட்டுக்கல்லையும் யார் மடியில் வைத்துக்கொண்டு வருவது? காட்பாடியில் இறங்கினால் அங்கிருந்தும் வண்டிதான் வேண்டும். லாரிக்காரன் சொன்ன வாடகைக்கு இந்தச் சாமான்களை இங்கேயே விற்றுவிட்டு அங்கே புதிதாக வாங்கிக்கொள்ளலாம். கடைசியில் மஸ்தான் பாயிடமே போனேன். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோதும் நீ குடிபோனபோதும் வண்டி பூட்டியவர், நமக்கு இல்லை என்று சொல்லமாட்டார் என்ற தைரியம். அவர் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், வேலூர்ப் பக்கம் போவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பள்ளிகொண்டா வரைக்கும் போவாராம், அதற்கு மேலே போகமாட்டாராம். இதென்னடா புது எல்லைக்கோடு என்று நான் நின்றுவிட்டேன்.

அவருடைய கூட்டாளி முனிசாமியை உனக்குத் தெரியும். வாயில் எதுவும் தங்காது. நான் வீடு திரும்பும் வழியில் பின்னாலேயே ஓடிவந்து, பாய்க்குத் தெரியவேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெருவே கேட்கிற குரலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவன் சொன்னதை எழுதுகிறேன். பொய் இருந்தால் நீ திருத்து. நீ குடிபோன அன்று வண்டி உன் வீட்டு வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு ஹெட் கிளார்க்கும் அவர் சம்சாரமும் தாழ்வாரத்தில் நின்று பார்த்தார்கள். அந்த மனுஷர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். நீ உடனே உள்ளே ஓடி, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பினாயிலை வாளித் தண்ணீரில் கலந்து, இறங்குகிற ஒவ்வொரு சாமானின் மேலும் வாசலிலேயே தெளித்தாய். பாயின் மேலும் தெறித்தது. அத்தோடு அந்தக் கைக்குட்டைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தையும் சொன்னாய்.

“ஆம்பூர் வண்டி சார், அப்படித்தான் நாறும்.”

இதை முனிசாமி உன் குரலிலேயே சொல்லிக் காட்டினான். நடிப்பில் கெட்டிக்காரன். என் காது கூசியது. மண்டித் தெரு மாட்டுக்கெல்லாம் ஏன் கால்வலி வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் லில்லி மேல்தான் கோபம் வந்தது. மாமியார் புத்தி எங்கே போகும்? வேலூரில் பிறந்து வளர்ந்தவள், நர்ஸ் படிப்புப் படித்தவள், அவள்தான் பினாயில் பாட்டிலைக் கையில் கொடுத்திருப்பாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அதை முனிசாமியிடம் கேட்டும்விட்டேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். அந்தப் பெண் மோர் கரைத்துக் கொண்டுவந்ததாம். வாசற்படி தாண்டுவதற்குள் நீ கையைக் காட்டி நிறுத்தி, முதலில் வண்டி தெருவை விட்டுப் போகட்டும் என்றாயாம். அவள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாளாம். வந்ததும் அவளிடம் நான் மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். உன்னிடம் கேட்க எதுவும் இல்லை.

பிறகு இரண்டு ரூபாய். எட்டணா கொடுக்கிற இடத்தில் இரண்டு ரூபாய். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான். உனக்கே உள்ளே உறுத்தியிருக்கிறது, இல்லாவிட்டால் நீ அவ்வளவு எடுத்து நீட்டுகிற ஆளா? உன் கையின் நீளம் எனக்குத் தெரியாதா? அந்தப் பணத்தை வைத்து அவர்களுக்குள் சண்டை வேறு. முனிசாமி, காசு என்ன பாவம் செய்தது, பங்கு பிரிக்கலாம் என்றிருக்கிறான். பாய் பிரிக்கவில்லை. மாட்டுச் சலங்கை வைக்கிற பெட்டியில் துணியில் முடிந்து போட்டுவைத்திருக்கிறார். மூன்று மாதமாக இவன் கேட்க, அவர் மாட்டேன் என்க, ஒரே வண்டியில் போகிற இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரு இனாமைக் கொடுத்து ஒரு ஜோடி மனுஷர்களைப் பிரிக்க முடியும் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. நன்றி கெட்ட ஜனம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியின் மேல் ஒரு சொட்டு மை கொட்டி அழித்துவிட்டேன், வேறு யார் கண்ணிலும் படவேண்டாம் என்று.

நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ புறப்படுவதற்கு முந்தின நாள் அந்த வண்டி எங்கே இருந்தது தெரியுமா? பாலாற்றில். வாரம் முழுக்கத் தோல் ஏற்றுகிற வண்டி வீட்டுச் சாமான் ஏற்ற வேண்டுமென்றால் அதற்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, மணலும் சாம்பலும் போட்டுப் பலகை பலகையாகத் தேய்க்க வேண்டும். பிறகு சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் காயவிட வேண்டும். காய்ந்தபின் புது வைக்கோல். மஸ்தான் பாய் இதற்கு மேலும் ஒன்று செய்வார். விடிகாலையில் நம் வாசலுக்கு வந்ததும் தணலில் சாம்பிராணி போட்டு, மூடுவண்டிக்குள் புகையைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் முதல் மூட்டையை ஏற்றச் சொல்வார். அன்றைக்கும் செய்தார். நீ உள்ளே பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். அவ்வளவு செய்தும் வாடை போகுமா? போகாது, அது மரத்தில் ஊறினது. ஆனால் இங்கே வீடு மாறுகிறவர்கள் கொடுக்கிற இனாம் மூட்டை தூக்கியதற்கு இல்லை. தூக்குவதற்குத்தான் கூலி பேசியாகிறது. இனாம் அந்தக் கழுவலுக்கு. அதைப் பார்த்தேன் என்று சொல்வதற்குப் பதிலாகக் கையில் வைக்கிற காசு அது. நீ என்ன செய்தாய், அவர் கழுவிக் கொண்டுவந்ததை அவர் கண் முன்னாலேயே மறுபடி கழுவினாய்.

உன்னைத் தனியாகக் குற்றம் சொல்லியும் பயனில்லை. இந்த விஷயத்தில் உன் வம்சமே அப்படி. உன் நெற்றியில் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறதே, ஆட்டுக்கல்லில் முட்டிக்கொண்டது என்று உனக்குத் தெரியும். ஆட்டுக்கல் ஏன் நடுவாசலில் இருந்தது என்று என்றைக்காவது கேட்டாயா? நீ பிறப்பதற்கு முன், நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, இதே மஸ்தான் பாய்தான் வண்டி. அப்போது அவருக்கு மீசை சரியாக முளைக்காத வயது. எல்லாச் சாமானும் உள்ளே போயாயிற்று, ஆட்டுக்கல் மட்டும் பாக்கி. கல் எப்போதும் கடைசியில்தான் இறங்கும். அடியில் பாரமாக இருந்தால்தான் வண்டி ஆடாது. பாயும் இன்னொருவரும் கல்லைத் தூக்கி நிலைப்படிக்கு உள்ளே வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து உன் அப்பா இனாம் பேச்சை எடுத்தார். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷர் அவர். மண்டியில் அடுத்தவர் பணத்துக்குக் கணக்கு எழுதி எழுதி, தன் பணம் என்றால் கை நடுங்கும். கூலிதான் பேசியாயிற்றே, அதற்கு மேல் எதற்கு இனாம் என்று கேட்டார். வண்டியைக் கழுவினதற்கு என்று பாய் சொன்னார். வண்டி உன்னுடையது, உன் வண்டியை நீ கழுவினால் நான் எதற்குக் காசு தரவேண்டும் என்று உன் அப்பா கேட்டாரே பார்க்கலாம். மண்டிக் கணக்கில் அது சரியான கேள்விதான். பாய் நின்ற இடத்திலேயே கல்லை இறக்கிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கல் அங்கேயே இருந்தது. நடுவாசலில், நிலைக்கு இரண்டடி உள்ளே. ஒரு பக்கமாக ஒடுங்கித்தான் வீட்டுக்குள் வர முடியும். வேறு ஆளைக் கூப்பிட்டு நகர்த்தலாம் என்று நான் சொல்லாத நாள் இல்லை. வைத்தவனே வந்து எடுக்கட்டும் என்பார் உன் அப்பா. அவர் கூப்பிட்டால் எடுக்கிறேன் என்பார் பாய். வருகிறவர்கள் கேட்டால், செருப்பு மாட்ட உட்காருவதற்கு வசதியாக இருக்கிறது என்று உன் அப்பா விளக்கம் வேறு சொல்வார். ஒவ்வொரு நாளும் மண்டிக்குப் போகும் வழியில் இருவரும் பார்த்துக்கொள்வார்கள், மழை உண்டா இல்லையா என்று மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள், கல்லைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். நான் வாசலில் உட்கார்ந்து தெருவே பார்க்க மாவாட்டினேன். நீ தவழ்ந்தாய், நடந்தாய், ஓடினாய், ஒருநாள் ஓடிவந்து முட்டிக்கொண்டாய். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, எட்டணாவில் முடிந்திருக்க வேண்டியது என்று உன் அப்பாவிடம் சத்தம் போட்டேன். அன்றைக்கும் அவர் பாயைக் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் ஆண்பிள்ளைகள், அதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

அந்தக் கல் எப்போது நகர்ந்தது என்று உனக்குத் தெரியாது. நீ அன்றைக்கு என் மடியில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாய், பார்த்திருக்கமாட்டாய். உன் அப்பாவைப் பெட்டியில் வைத்து ஜெபம் முடிந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெட்டி வாசலைத் தாண்ட வழியில்லை, கல் நடுவில் இருக்கிறது. கோயில் ஆட்கள் பெட்டியைச் சாய்க்கலாமா என்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழுந்தது. என் புருஷனைச் சாய்த்து எடுத்துப் போவார்களா என்று நான் எழுந்து நின்றபோது, தெருவில் நின்ற மஸ்தான் பாய் உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. முனிசாமியும் கூட வந்தான். இரண்டு பேருமாகக் கல்லைப் புரட்டாமல், தூக்கியே கொண்டுபோய்ச் சமையலறை மூலையில் வைத்தார்கள். அது இன்றுவரை இருக்கிற இடம் அதுதான். மறுவாரம் நான் அவர் வீட்டுக்குப் போய் இனாம் கொடுக்கப் பார்த்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அன்னிக்கே எடுத்திருக்கணும் டீச்சரம்மா. அவரு கூப்டுவாருன்னு நெனச்சேன்.” அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வந்த வேலையை மறந்து திரும்பிவிட்டேன்.

அந்த மனுஷர் மேல்தான் நீ பினாயில் தெளித்திருக்கிறாய். அவர் தங்கம் என்று நான் சொல்லவரவில்லை. முசுடு. தன் மாட்டைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் மூன்று தெருவுக்குச் சண்டை இழுப்பார். வாடகை பேசும்போது அவரோடு மல்லுக்கட்டி எனக்குத் தலைவலியே வந்திருக்கிறது. ஆனால் அவர் கோபம் எனக்குப் புரிகிறது, உன்னுடைய மூக்குதான் புரியவில்லை. நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த மூக்கு அது. எங்கிருந்து வந்தது உனக்கு? உன் அப்பா மண்டியிலிருந்து வந்தால் சட்டையைக் கழற்றி வெளி ஆணியில் மாட்டுவார். துண்டை மட்டும் நீ பிடுங்கிக்கொள்வாய். அதை முகத்தில் போட்டுக்கொண்டால்தான் உனக்குத் தூக்கம் வரும். ஒரு தடவை நான் அதைச் சவுக்காரம் போட்டுத் துவைத்துக் காயவைத்துக் கொடுத்தேன். மோந்து பார்த்தாய், தூக்கி எறிந்தாய், அப்பா துண்டு இது இல்லை என்று தெருவைக் கூட்டி அழுதாய். உன் அப்பா வேறு துண்டை மண்டிக்கு எடுத்துப்போய், ஒருநாள் முழுக்கத் தோளில் போட்டிருந்து கொண்டுவந்து கொடுத்தபின்தான் அடங்கினாய். அந்தப் பிள்ளையா, “ஆம்பூர் வண்டி சார், அப்படித்தான் நாறும்” என்று சிரித்தது? இதை எழுதும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருக்கிறது, தேவராஜ். சொல்லிவிட்டேன்.

எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. அதை மறைத்து என்ன பிரயோசனம்? நானும் இந்த ஊர்தான். என் புடவையிலும், என் அலமாரி மரத்திலும், பிரித்து வைத்திருக்கிற கட்டில் கயிற்றிலும் அதே வாடைதான் இருக்கும். எனக்குத் தெரியாது, பழகிவிட்டது; உனக்கு இப்போது தெரியும். நான் உன் வீட்டில் சாகிறவரைக்கும் இருக்கப்போகிறவள். அந்தக் கைக்குட்டைக்காரர் ஒவ்வொரு நாளும் தாழ்வாரத்தில் நிற்பார். நீ வாளியைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை ஓடுவாய்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நேற்று நாள் முழுக்கக் கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். இங்கே இருக்கவும் இடமில்லை, அங்கே வரவும் கால் எழவில்லை. பெற்ற பிள்ளை வீட்டுக்குப் போக ஒரு தாய் இப்படி யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று உன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இன்று காலையில் மறுபடியும் மஸ்தான் பாயிடம் போனேன். முனிசாமி எல்லாம் சொல்லிவிட்டான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் முனிசாமியை ஒரு பார்வை பார்த்தார். அவன் மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். என் மகனுக்காக நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன், கேட்க வேண்டியவன் அவன், அவனுக்கு வாய் இருக்கிறது என்றேன். பிறகு, உங்கள் வண்டியும் ஆம்பூர், நானும் ஆம்பூர், நாறினால் இரண்டு பேரும் சேர்ந்தே போய் நாறுவோம், வண்டியைப் பூட்டுங்கள் என்றேன். அவர் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார், முடியவில்லை. அந்தச் சிரிப்பைக் கண்டதும் முனிசாமி வெளியே வந்துவிட்டான். பாய் சலங்கைப் பெட்டியைத் திறந்து, துணியில் முடிந்த அந்த இரண்டு ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார்.

“இத்த தம்பிகிட்டயே குடுத்துடுங்கம்மா. ஜாஸ்தியா குடுத்துட்டாரு. உங்கள வேலூர்ல கொண்டாந்து விட்டுர்றேன். ஆனா படியேற மாட்டேன். வாசல்ல எறக்கிட்டு வண்டியத் திருப்பிடுவேன்.”

கூப்பிட்டால் என்றேன். “யாரு கூப்டறது?” என்று கேட்டார். மகன் கூப்பிட்டால் என்றேன். “பாக்கலாம்” என்றார். இந்த ‘பாக்கலாம்’ உன் அப்பா காலத்திலிருந்து எனக்குப் பழக்கமான ‘பாக்கலாம்’. இதை நம்பி ஒரு கல் பல வருஷம் நடுவாசலில் இருந்தது. கூப்பிடாவிட்டால் படியேறமாட்டார், சொன்னதைச் செய்வார்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கிளம்புகிறோம். மாதனூரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பள்ளிகொண்டாவில் தங்கி, சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் உன் வாசலில் இருப்போம். சனிக்கிழமை ஆபீஸ் இருக்கிறது என்று எழுதாதே, லீவு போடு. இனாம் எவ்வளவு என்று கேட்டாயே, அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா பதிலே எழுதவில்லை என்பாய். வண்டி நின்றதும் சாமானைப் பார்க்காதே, ஆளைப் பார். கழுவின பலகை தெரியும், புது வைக்கோல் தெரியும், அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போடு. புது வீட்டில் வாய் நனைக்காமல் வண்டி திரும்பக் கூடாது, அது இங்கே வழக்கம். லில்லியைத் தடுக்காமல் இருந்தால் போதும், அவளே செய்துவிடுவாள். சாப்பிட்டு எழுந்தபின் வெற்றிலை பாக்கோடு காசைப் பாயின் கையில், முனிசாமியும் பார்க்கிற மாதிரி வை. இல்லாவிட்டால் அவன் வழி முழுக்கக் கணக்குக் கேட்டு அவர் உயிரை வாங்குவான். எட்டணா போதும். எதற்கு இவ்வளவு என்று அவர் சொல்வார், இதற்குமேல் என்னால் முடியவில்லை என்று நீ சொல்ல வேண்டும். இரண்டு பேர் சொல்வதும் பொய்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். அந்த எட்டணாவை இந்த இரண்டு ரூபாயிலிருந்து எடுக்காதே, வேறு காசிலிருந்து எடு. இதை நான் முந்தானையில் முடிந்து கொண்டுவருகிறேன். அதை என்ன செய்வது என்று நீயே யோசி, பினாயில் மட்டும் வாங்காதே.

இன்னும் ஒன்று. வண்டியில் எனக்கு இடம் எங்கே என்று பாய் கேட்டார். ஆட்டுக்கல் மேலேயே ஒரு மூட்டையைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கல் கடைசியில்தான் இறங்கும், அதனால் நானும் கடைசியில்தான் இறங்குவேன். உன் வீட்டு வாசல் நிலை இந்த வீட்டைவிடக் குறுகல் என்று லில்லி எழுதியிருந்தாள். நீ தெருவுக்கு வந்து, அந்தக் கைக்குட்டைக்காரர் காதில் விழுகிற மாதிரி, “மஸ்தான் மாமா, உள்ள வாங்க” என்று கூப்பிட்டால், அவர் கல்லைத் தூக்கிக்கொண்டு படியேறுவார். அதன் பின்னாலேயே நானும் வருவேன். நீ கூப்பிடாவிட்டால் அவர் கல்லை வாசலில் இறக்குவார். இறக்கின இடத்தில் நான் அதன் மேல் உட்கார்ந்திருப்பேன். நீ தாண்டித்தான் ஆபீசுக்குப் போக வேண்டும்.

கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: சுகமாக இருக்கிறாயா, சரியாகச் சாப்பிடுகிறாயா? நெற்றியைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்துக்கொள்.

அம்மா